நாய்க்கு மட்டும் இங்கிலீஷ்

அந்தக் காலத்தில் நாய்கள் தமிழ் பேசின. நன்றாகவே பேசின. என்ன, பொய் மட்டும் சொல்ல வராது.

மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கும் வீராயி, செவலை என்றொரு நாய் வளர்த்தாள். வேலை முடிந்து வந்ததும் ஊர்க்கதை எல்லாம் அதனோடுதான்.

அவள் தம்பி மாசாணத்துக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. காய்ச்சலிலும் வேலைக்கு இழுத்துப்போனதால் மனம் வெறுத்து, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓடிவிடத் துணிந்தான். ஓடுகிறவன் பிடிபட்டால் தோல் உரியும். அடி தாங்காமல் செத்தவர்களும் உண்டு. மழை விடட்டும் என்று வீராயி அவனைப் பரணில் விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மறுநாள் காலை வெள்ளைக்காரத் துரையும் கங்காணியும் வாசலில் வந்து நின்றார்கள்.

"தம்பியைப் பார்த்தே ரெண்டு நாளாச்சுங்க சாமி" என்று வீராயி கும்பிட்டாள்.

கங்காணி நம்பவில்லை. குனிந்து நாயிடம் கேட்டான்: "ஏலே செவலை, மாசாணம் எங்கடா?"

தன்னையும் ஓர் ஆளாக மதித்துக் கேட்கிறார்களே என்று செவலைக்கு ஒரே பூரிப்பு. "பரண்ல இருக்காருங்க. இப்பத்தான் கஞ்சி குடிச்சாரு" என்றது.

வீராயி செவலையையே வெறித்துப் பார்த்தாள். தான் பெயர் வைத்து வளர்த்த நாயா இப்படிச் சொன்னது! மாசாணத்தைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அவன் அலறல் கேட்டு அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்ததும் தங்கள் வீட்டு நாய்களை நினைத்துப் பயந்தார்கள்.

துரை நாயின் தலையைத் தடவி, "சிட்" என்றார்.

"அப்படின்னா?" என்றது செவலை.

"உட்காருன்னு சொல்றாருடா" என்றான் கங்காணி.

செவலை உட்கார்ந்தது. துரை அதற்குமேல் அதனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அது சொல்வதைக் கேட்கவும் நிற்கவில்லை. வீராயி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் மாசாணத்தைப் பிணமாகக் கொண்டுவந்து போட்டார்கள்.

அழுது ஓய்ந்தவளிடம் செவலை தயங்கித் தயங்கி வந்தது. "அக்கா, நான் பொய் சொல்லலியே? எங்கிட்ட ஏதாச்சும் பேசுக்கா."

வீராயி அதை அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. எப்போதும்போல் கஞ்சி ஊற்றி வைத்தாள். பிறகு, "சிட்" என்றாள்.

செவலை திடுக்கிட்டுப் போனது. அக்கா வாயிலா அந்தச் சொல்! அவள் முகத்தையே பார்த்தபடி மெல்ல உட்கார்ந்தது. அப்புறம் அது வாய் திறந்து பேசவே இல்லை. அதைப் பார்த்த அக்கம்பக்கத்து ஆட்களும் தங்கள் நாய்களிடம் அந்த ஒரு சொல்லை மட்டுமே சொல்லத் தொடங்கினார்கள்.

அன்று முதல்தான், இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாத வீட்டிலும் நாயைப் பார்த்து மட்டும் "சிட்" என்கிறோம். அதுவும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசாமல் உட்கார்ந்துவிடுகிறது.