சொன்ன நோய்க்கு ஒரு தேனடை

கரடி செல்லாயி ஒரு சருகுமான் குட்டியை வளர்த்து வந்தாள். முயல் அளவுதான் இருக்கும். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதனால் அதற்குப் பொட்டு என்று பேர் வைத்தாள்.

காட்டுத்தீயில் தாயை இழந்து, ஓடைக்கரையில் நடுங்கிக்கொண்டு நின்ற குட்டி அது. செல்லாயி தூக்கிக்கொண்டு வந்தபோது காடே சிரித்தது. "கரடிக்கு எதுக்கு மான் குட்டி? கெட்டுப்போச்சு இவ புத்தி!" என்றது காட்டுப்பன்றி. செல்லாயி காதில் வாங்கவில்லை. பொட்டு அவள் கழுத்து முடிக்குள் புதைந்துதான் தூங்கும். அந்தச் சின்னச் சூடு இல்லாவிட்டால் செல்லாயிக்கும் தூக்கம் வராது.

ஒரு நாள் காலை பொட்டு எழுந்து நிற்கவே தடுமாறியது. முன்னங்கால் இரண்டும் விறைத்திருந்தன. நடந்தால் நொண்டியது. வாயோரத்தில் நுரை. மேலே மரங்கொத்தி ஒரு தரம் கொத்தியதும் குட்டியின் உடம்பு தூக்கிப்போட்டது. அத்திப்பழம் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என்னடி கண்ணு, என்ன செய்யுது?" என்று பதறினாள் செல்லாயி.

"தெரியலம்மா. உடம்பெல்லாம் இழுக்குது" என்றது பொட்டு.

அந்தக் காட்டில் ஒரே ஒரு வைத்தியர்தான். வெண்தாடியார் என்கிற குரங்கு. கைராசிக்காரர். வேர், பட்டை, பச்சிலை எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் கேட்கும் கூலியை நினைத்தால் நோயாளிக்கு இன்னொரு நோய் வந்துவிடும்!

சொல்கிற நோய் ஒன்றுக்குத் தேனடை ஒன்று. அதுதான் அவர் வைத்த சட்டம். பலாமரத்தடியில் பாறைமேல் அவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஓர் அணில். நோயாளி "காய்ச்சல்" என்றால் அணில் பாறையில் ஒரு கூழாங்கல்லைப் போடும். டக்! "இருமல்" என்றால் இன்னொன்று. டக்! கடைசியில் எத்தனை கல்லோ அத்தனை தேனடை.

முன்பெல்லாம் இப்படி இல்லை. ஒரு கிழட்டு யானை வந்து, பிறந்த நாளிலிருந்து தனக்கு வந்த வியாதிகளை எல்லாம் காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரை சொன்னது. அன்றைக்கு வேறு யாரையும் அவரால் பார்க்க முடியவில்லை. கோபத்தில் சட்டம் போட்டுவிட்டார். யானை பேசியதற்குக் காடு முழுக்கக் கப்பம் கட்டியது.

செல்லாயியின் மரப்பொந்தில் நாலே தேனடைகள் இருந்தன. அந்த வருஷம் பூ குறைவு, தேனும் குறைவு. பெருமழை தொடங்கப் பத்து நாள்தான் இருந்தது. மழை முடியும் வரை இரண்டு வயிற்றுக்கும் அந்த நாலுதான்.

பொட்டுவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவளை வழியில் உடும்பு மறித்தான். அவன் பேர் உலகநாதன். எதையும் மலிவாக முடிப்பதில் தனக்கு நிகர் இல்லை என்று அவனுக்கு நினைப்பு.

"அக்கா, எத்தனை நோய் சொல்லப் போறே?"

"எல்லாத்தையும்தான்டா சொல்லணும். நொண்டுறா, நுரை தள்ளுது, சத்தம் கேட்டா தூக்கிப்போடுது, எதுவும் திங்க மாட்டேங்குறா."

"நாலா! மொத்தத் தேனும் போச்சு! மழைக்கு என்ன திம்பே, மண்ணையா? ஒண்ணு மட்டும் சொல்லு அக்கா. எது கண்ணுக்குத் தெரியுதோ அதை மட்டும் சொல்லு. இந்தக் காட்டுல எல்லாரும் அப்படித்தான் செய்யறோம். நான் மூணு நோயோட போயி ஒரே தேனடையில வெளிய வந்தவன்!"

அவனுக்கு அன்றிலிருந்து பாதி வால்தான். அதை அவன் சொல்லவில்லை.

செல்லாயி யோசித்தாள். கால்தான் பெரிய தொல்லையாகத் தெரிந்தது. நுரை தானாக நின்றுவிடும். கால் சரியானால் பசியும் வந்துவிடும். இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஓர் இலையைப் பறித்துப் பொட்டுவின் வாயை நன்றாகத் துடைத்தாள்.

"வைத்தியர் முன்னால பேசாம இரு கண்ணு. நான் பேசிக்கிறேன்."

பலாமரத்தடியில் நீண்ட வரிசை. செல்லாயியின் முறை வந்தது.

"என்ன நோய்?" என்றார் வெண்தாடியார்.

"நொண்டுறா ஐயா."

டக்! கல் விழுந்தது. பொட்டு துள்ளி விழுந்தது.

வெண்தாடியார் புருவத்தை நெரித்தார். "ஏன் இப்படித் துள்ளுது?"

அணில் அடுத்த கல்லைக் கையில் எடுத்துக்கொண்டது. செல்லாயி அந்தக் கல்லையே பார்த்தாள்.

"அது... உங்களைப் பார்த்த பயம் ஐயா!"

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க."

வெண்தாடியார் ஒரு கணம் குட்டியை உற்றுப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்கும் பட்டது. ஆனால் சொல்லாத நோயைத் தேடிப் பார்ப்பது அவர் சட்டத்தில் இல்லை. வரிசையில் இன்னும் இருபது பேர் நின்றார்கள்.

"சுளுக்கு. அருவிக்குக் கூட்டிட்டுப் போ. குளிர்ந்த தண்ணியில நிறுத்தி நல்லா நடக்க வை. ஒரு தேனடையை அங்க வச்சுட்டுப் போ."

ஒரு தேனடையோடு போயிற்று என்ற நிம்மதியில் செல்லாயி அருவிக்கு நடந்தாள். அந்த நிம்மதியை நினைத்து அவள் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டாள்.

உச்சி வேளை. அருவி 'ஹோ' என்று கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சல் காதில் விழுந்ததுமே பொட்டு அலறியது. தண்ணீரில் கால் வைத்ததும் நாலு காலும் கட்டையாக நீண்டன. தலை பின்னால் வளைந்தது. பல் கிட்டிக்கொண்டது. வாயிலிருந்து நுரை வழிந்து தண்ணீரில் மிதந்தது.

"பொட்டு! அடியே பொட்டு!"

பதில் இல்லை. செல்லாயி குட்டியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். கரடி ஓடினால் சருகு நொறுங்கும், சுள்ளி முறியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் கைக்குள் இருந்த குட்டி வெட்டி வெட்டி இழுத்தது. மெதுவாகப் போனால் நேரம் போகிறது. வேகமாகப் போனால் குட்டி போகிறது. அழுதுகொண்டே ஓடினாள். வழியில் பொந்திலிருந்த மூன்று தேனடைகளையும் வாயில் கவ்விக்கொண்டாள்.

வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு பாறை முன்னால் போய் விழுந்தாள். தேனடைகளைத் துப்பினாள்.

"எல்லாத்தையும் சொல்லிடறேன் ஐயா! வாயில நுரை!"

டக்! குட்டி வெட்டி இழுத்தது.

"காலையில இருந்து எதுவும் திங்கல!"

டக்! இன்னொரு வெட்டு.

"சத்தம் கேட்டாலே தூக்கிப்போடுது!"

டக்! குட்டியின் உடம்பு வில்லாக வளைந்து, மூச்சே நின்றுவிட்டது.

வெண்தாடியார் அந்தக் குட்டியைப் பார்த்தார். அணிலின் கையைப் பார்த்தார். தான் வைத்த கல் தன் கண்ணெதிரிலேயே ஓர் உயிரைக் கொன்றுகொண்டிருப்பது அவருக்கு விளங்கியது.

"நிறுத்து!" என்று அணிலின் கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்தினார். "கல்லைத் தொடாதே. இது சுளுக்கு இல்ல. எட்டிக்காய் விஷம். ஒரு சின்னச் சத்தம்கூட இதைக் கொன்னுடும்!"

குட்டியின் நெஞ்சை மெல்ல மெல்ல அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. இழுத்துக்கொண்டு மூச்சு வந்தது. ஒரு வேரை எடுத்தார். கல்லில் அரைத்தால் சத்தம் வரும் என்று தானே வாயில் போட்டு மென்று, சாற்றைக் குட்டியின் வாயில் பிழிந்தார். பாறை இடுக்கில் இருட்டாக இருந்த இடத்தில் அதைப் படுக்க வைத்து, பச்சிலையால் மூடினார்.

பிறகு வரிசையில் நின்றவர்களிடம் வந்து கிசுகிசுத்தார். "பொழுது சாயற வரைக்கும் இங்க ஒரு சத்தம் வரக் கூடாது. வந்தா குட்டி இல்ல."

காடு வாயை மூடிக்கொண்டது. இருமல்காரக் காட்டுப்பன்றி மண்ணுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டது. வரிசையில் வந்து சேர்ந்திருந்த உலகநாதன் சருகுமேல் வைக்கப்போன காலைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றான். செல்லாயி இடுக்கின் வாசலில் குப்புறக் கிடந்தாள். இலைகளுக்கு நடுவே தெரிந்த அந்தக் குட்டி வயிறு ஏறி இறங்குவதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.

அப்போது மேலே ஒரு காம்பு மெல்ல முனகியது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நன்றாகப் பழுத்த பலாப்பழம் ஒன்று, பொட்டு படுத்திருந்த இடுக்குக்கு நேர் மேலே, காம்பு பாதி விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. பாறையில் விழுந்தால் காடே அதிரும்!

வெண்தாடியார் ஒரே தாவலில் மரத்தில் ஏறினார். பழத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். காம்பு விட்டது. பழத்தின் பாரம் முழுக்க அவர் நெஞ்சில் இறங்கியது. கால்களால் கிளையைக் கவ்விக்கொண்டு, முள் குத்தக் குத்த, பழத்தை அணைத்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு கூலிக்காரன்கூட அப்படி ஒரு சுமையைச் சுமந்திருக்க மாட்டான். பொழுது இறங்க மறுத்தது. அவர் நெஞ்சில் ரத்தம் கசிந்தது. வாயைத் திறக்கவில்லை.

சாயங்கால வெயில் மரத்தின் பாதிக்கு மேலே ஏறிப்போன நேரம். இலைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல்.

"அம்மா... பசிக்குது."

செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காட்டுப்பன்றி அவசரமாகத் தூரப் போய் நாலு இருமல் இருமிவிட்டு வந்தது.

வெண்தாடியார் பழத்தோடு இறங்கினார். "என்ன தின்னே குட்டி?"

"ஆத்தோரம் ஒரு மஞ்சப் பழம். கொட்டையையும் மென்னுட்டேன்."

அவர் செல்லாயி பக்கம் திரும்பினார். "நுரை தள்ளுது, சத்தத்துக்குத் துள்ளுதுன்னு காலையிலேயே சொல்லியிருந்தா ஒரு வேரோட முடிஞ்சிருக்குமே! ஏன் மறைச்சே?"

செல்லாயி தலை நிமிர்ந்தாள். இத்தனை நேரம் அழுதவள் குரலில் இப்போது கோபம் இருந்தது. "மறைச்சது என் தப்புதான் ஐயா. சாகிற வரைக்கும் அது என்னை அறுக்கும். ஆனா நான் வாயைத் திறந்தா உங்க கல்லு விழுதே! என் மழைக்காலச் சோறு அந்தக் கல்லுலதானே இருக்கு! நீங்களும் துள்ளினதைப் பார்த்தீங்க. பார்த்துட்டு ஏன் விட்டீங்க?"

வெண்தாடியார் மூன்று தேனடைகளையும் எடுத்து அவள் முன்னால் திருப்பி வைத்தார். வரிசையைப் பார்த்தார்.

"உங்கள்ல எத்தனை பேரு ஒண்ணைச் சொல்லிட்டு மீதியை மறைச்சீங்க?"

உலகநாதன் மெல்லக் காலைத் தூக்கினான். காட்டுப்பன்றி தூக்கியது. ஒவ்வொருவராக, வரிசை முழுக்கக் கால்கள் எழுந்தன. கடைசியில் நின்ற மயில் மட்டும் காலைத் தூக்கவில்லை. அது முன்னால் வந்தது.

"போன மாசம் என் குஞ்சைக் கொண்டு வந்தேன் ஐயா" என்றது. "இருமல்னு மட்டும் சொன்னேன். மூச்சு வாங்குதுன்னு சொல்லல. ஒரே ஒரு தேனடைதான் இருந்துச்சு. நீங்க தேனும் மிளகும் குடுத்தீங்க. ரெண்டாம் நாள் அது போயிடுச்சு."

வெண்தாடியார் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குஞ்சு அவருக்கு நினைவிருந்தது. விதி என்று சொல்லி அதன் தாயைத் தேற்றி அனுப்பியவரும் அவர்தான்.

"இனிமே வைத்தியத்துக்கு ஒரு தேனடை" என்றார் அவர் கடைசியில். "எனக்கும் வயிறு இருக்கு. இல்லாதவங்க பூ பூக்கிற காலத்துல குடுங்க. ஆனா நோயைச் சொல்றதுக்குக் கூலி கிடையாது. எல்லாத்தையும் சொல்லுங்க. நானும் பார்க்கிறேன்."

பிறகு மயிலிடம் திரும்பினார். "உனக்கு இன்னொரு குஞ்சு இருக்கில்ல? அதைக் கொண்டு வாம்மா" என்றார்.

வைத்தியத்துக்கு விலை வைக்கலாம்; நோயைச் சொல்வதற்கே விலை வைத்தால், இல்லாதவர் வாயை மூடிக்கொள்வார், உயிர் போய்விடும்.