எழுப்பிய கை, மூடிய கை

போன ஆவணியில் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனார் இருதயராஜ், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். பந்தி முடிந்து மண்டபம் காலியானதும், ஒரு காலத்தில் அவரோடு லடாக்கில் இருந்த இரண்டு சிப்பாய்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் சிவகங்கை செல்லையா. முகாமில் சமையற்காரராக இருந்தவர். மற்றவர் நாங்குநேரி சுடலைமுத்து. ஆடு மேய்த்த குடும்பத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர். மூவரும் கூடினால் பேச்சு அந்த ஒரு குளிர்காலத்தில்தான் போய் நிற்கும். முப்பத்தோரு வருஷமாகத் தீராத வழக்கு ஒன்று அவர்களுக்குள் இருக்கிறது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முகாமுக்குக் கீழே இருந்த சரிவில் மர்மோட்டுகள் ஒரு குடும்பமாக வளை தோண்டி வாழ்ந்தன. அணில் இனம்தான், ஆனால் பூனையைவிடப் பெருத்த உடம்பு. கோடை முழுவதும் புல்லைத் தின்று கொழுக்கும். ஆள் நடமாட்டம் கண்டால் பின்னங்காலில் எழுந்து நின்று சீட்டியடிக்கும். ஊரிலிருந்து கடிதம் வராத நாட்களில் இருதயராஜ் எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். நான்கு பெரியவை, கோடை முடியும் நேரத்தில் வெளியே தலைகாட்டிய ஒரு குட்டி. புரட்டாசியில் ஐந்தும் காய்ந்த புல்லைக் கவ்விக்கொண்டு உள்ளே போயின. வளையின் வாயை உள்ளிருந்தே மண்ணாலும் கல்லாலும் அடைத்துக்கொண்டன. அதன்பிறகு சரிவில் சத்தமே இல்லை.

மார்கழியில் ஒரு காலை பனிச்சரிவு ஏற்பட்டது. முகாம் தப்பியது. ஆனால் கீழ்ச்சரிவில் ஒரு பக்கம் பெயர்ந்து போய், வளை திறந்து கிடந்தது. பாதையைப் பார்க்கப் போன மூவரும் எட்டிப் பார்த்தார்கள். புல் மெத்தையில் ஐந்தும் தலையை வயிற்றுக்குள் புதைத்துச் சுருண்டிருந்தன. குட்டி நடுவில், பெரியவை அதை ஒட்டிச் சுற்றிலும். இருதயராஜ் கையுறையைக் கழற்றித் தொட்டார். கல்லைப் போலச் சில்லென்றிருந்தது. செத்துவிட்டன என்றே நினைத்தார். அப்போது ஒன்றின் விலா லேசாக ஏறி இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த மூச்சுக்கு முக்கால் நிமிடம் ஆனது.

"உயிர் போயிக்கிட்டு இருக்குண்ணே," என்றார் செல்லையா. "அடுப்புப் பக்கத்துல வச்சாப் பொழைச்சுக்கும்."

"தூங்குதுலே. எழுப்பிராத," என்றார் சுடலைமுத்து. "பழையபடி மூடிருவோம்."

செல்லையா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பெரியவை பூசணிக்காய் மாதிரி கனத்தன. குட்டி கையில் இருப்பதே தெரியவில்லை. "இதப் பாரு, வெறும் எலும்பு. இன்னும் நாலு மாசம் இது எத வச்சுக்கிட்டு உயிரோட கெடக்கும்?"

இருவரும் ஹவில்தாரைப் பார்த்தார்கள். அவருக்கும் எது சரியென்று தெரியவில்லை. மேலே தொங்கிய பனி எப்போது வேண்டுமானாலும் பெயரலாம். "பெரிய நாலையும் நீ மூடு. செல்லையா, குட்டிய நீ கொண்டு வா," என்றார்.

சுடலைமுத்து புல்லைப் பரப்பி, கல் அடுக்கி, மண்ணும் பனியும் வைத்து அடைத்தார். முடிப்பதற்குள் அவர் விரல்கள் மரத்துவிட்டன.

மண்ணெண்ணெய் அடுப்புக்கு அருகே குட்டி இரண்டு மணி நேரம் நடுநடுங்கியது. பிறகு கண்ணைத் திறந்தது. அவித்த உருளைக்கிழங்கை இரண்டு கையாலும் பிடித்துக் கொறித்தது. செல்லையா அதற்கு ராணி என்று பெயர் வைத்தார். அது முகாமில் இருந்த ஏழு வாரமும் தபால் இல்லை, ஹெலிகாப்டர் இல்லை. முகாமில் இருந்த பதினொரு பேரும் முறை வைத்து அதை மடியில் வைத்துக்கொண்டார்கள். வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டால் அது சீட்டியடிக்கும். உள்ளே எல்லோரும் சிரிப்பார்கள். இருதயராஜுக்கு அந்தக் குளிர்காலம் என்றால் இன்றைக்கும் அந்தச் சிரிப்புத்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் குட்டிக்குச் சதை பிடிக்கவில்லை. எண்ணெயை மிச்சப்படுத்த அடுப்பை அணைக்கும்போதெல்லாம் நடுங்கியது. மாசி முதல் வாரத்தில் ஒரு காலை, செல்லையாவின் கம்பளிக்குள் அது சுருண்டு கிடந்தது. இருதயராஜ் கடிகாரத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். விலா அசையவில்லை. அன்று செல்லையா அடுப்பு மூட்டவில்லை. யாரும் சாப்பாடு கேட்கவும் இல்லை. பனி உருகுமுன்னே அவர்கள் கீழே இறங்க உத்தரவு வந்தது. மூடி வைத்த நான்கும் என்ன ஆயின என்று அவர்களுக்குத் தெரியாது.

மண்டபத்தில் செல்லையா சொன்னார்: "கண்ணு முன்னால சில்லுனு கெடந்தத எப்படி விட்டுட்டு வர்றது? ரெண்டு மாசமாவது வாழ்ந்துச்சு. அந்த நாலும் பொழைச்சத இவன் கண்டானா?"

"காணல," என்றார் சுடலைமுத்து. "ஆனா அதுக்குத் தெரிஞ்ச வழியில அது கெடந்துச்சு. நாமதான் நடுவுல போனோம்."

ஒருவர் எழுப்பினார். ஒருவர் மூடினார். ஒருவர் இருவருக்கும் தலையாட்டினார். இதில் யார் செய்தது சரி?

விடை: சுடலைமுத்து செய்ததே சரி. உடம்பைக் குளிரவிட்டு, மூச்சைக் குறைத்துக்கொண்டால்தான் சேர்த்த கொழுப்பு குளிர்காலம் முழுவதும் வரும். குட்டியிடம் கொழுப்பு போதாது என்று செல்லையா கண்டது உண்மை. ஆனால் அதனால்தான் அது நடுவில் கிடந்தது. பெரியவை தங்கள் கொழுப்பைச் செலவழித்து அதற்குச் சூடு கொடுக்கும். பிரித்து எடுத்ததில்தான் அதற்கு ஆபத்து வந்தது. இருதயராஜ் இதைப் பல வருஷங்களுக்கு முன்பே ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டார். செல்லையாவிடம் சொன்னதில்லை. கல்யாணத்தன்றும் சொல்லவில்லை. "பிரிச்சு எடுக்கச் சொன்னவன் நான்தானப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு, செல்லையாவின் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.