பேப்பர் படித்த பிறகு ஒரு முழுக்கு

அது 1930. தேவகோட்டைப் பக்கம் ஒரு சின்ன மடம். இருந்தது ரெண்டே பேர்: ஒரு குரு, அவர் சீடன் வீரபத்திரன். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். சீடன் துறவு வாங்கி நாலு வருஷம். பேச்சுத் துணைக்கு வேறு நாதியில்லை. தபாலில் வரும் பேப்பர்தான். குருவுக்குக் கண் மங்கல். சீடன் படிப்பான்.

வானத்தின் கோடியில் புதுசாக ஒரு கிரகம் கண்டுபிடித்தார்களாம்.

"அங்கே ஆள் இருக்கா?"

"இருக்காதுன்னு தோணுது, சாமி."

"ஐயோ பாவம். தனியாக் கிடக்குமே."

உப்பு அள்ளியவர்களைச் சிறைக்குக் கொண்டுபோன சேதி வந்தது. அன்று குரு உப்பில்லாமல் சாப்பிட்டார்.

மே மாதம் பர்மாவில் பெகு நகரம் பூகம்பத்தில் சரிந்தது. சீடனின் தங்கை அங்கம்மா அங்கேதான் வாக்கப்பட்டிருந்தாள். அதை அவன் குருவிடம் சொல்லவில்லை. துறவிக்கு ஏது தங்கை? படித்து முடித்துப் பேப்பரை மடித்து வைத்தான். குரு எழுந்து ஊருணிக்குப் போய்த் தலை முழுகிவிட்டு வந்தார்.

ஜூலையில் இத்தாலியில் பூகம்பம். முழுகினார். அக்டோபரில் பிரான்ஸில் ஓர் ஆகாயக் கப்பல் விழுந்து எரிந்தது. கொட்டும் மழையிலும் போய் முழுகினார்.

சீடனுக்கு எரிச்சல் வந்தது. "பிரான்ஸில் சாமிக்கு யார் இருக்கா?"

"இருந்தாங்க" என்றார் குரு, தலையைத் துவட்டிக்கொண்டே.

மார்கழியில் பர்மாவிலிருந்து திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் மடத்துக்கு வந்தார்.

"வீரபத்திரா... சாமின்னு கூப்பிடணுமோ என்னவோ. அங்கம்மா அந்தப் பூகம்பத்திலேயே போயிட்டாப்பா. அதுக்கு முந்தின வாரம்கூட, 'எங்கண்ணன் ஒருநாள் வந்து நிப்பான், பாருங்க'ன்னு சொல்லிக்கிட்டிருந்தா."

அவர் போன பிறகும் சீடன் வாசலிலேயே நின்றான். அழுகைதான் வரவில்லை. பிறகு குருவிடம் வந்தான்.

"சாமி, துறவிக்குத் தீட்டு உண்டா?"

"சாத்திரத்திலே இல்லை."

"அப்ப நீங்க மட்டும் ஏன் முழுகினீங்க?"

"எனக்குச் சாத்திரம் அப்பப்ப மறந்துபோகும்."

"எனக்கு மறக்கலையே சாமி! நெருப்பு முன்னால நின்னு எல்லா உறவையும் அறுத்துட்டேனே. இப்ப எந்த முகத்தோட முழுகுவேன்?"

குரு கொடியில் தடவித் தடவி, காய்ந்த துண்டு ஒன்றை எடுத்தார். அவன் தோளில் போட்டார்.

"அறுத்தது நீ. அவ அறுக்கலையே, வீரபத்திரா."