ஒரு சாண் இந்தப் பக்கம்

வேலாண்டி ஆசானின் சிலம்பக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் கொடைத் திருவிழா அன்று காலையில் குளத்துத் தண்ணீருக்குள் ஒரு செம்பைப் போடுவார். படியில் நின்றபடி கம்பால் ஒரே குத்தில் அதைத் தொட வேண்டும். துழாவக் கூடாது. தொட்டவர் கையில்தான் முன்கம்பு. சாமி ஊர்வலத்துக்கு முன்னால் சிலம்பம் சுற்றிப் போகிறவர் அவர்.

இந்தக் கொடைக்கு முன்கம்பு தனக்குத்தான் என்று அங்கே பழகுகிற தளவாய் தன் பெண்டாட்டியிடம் சொல்லியாகிவிட்டது. மாமனார் வீடு வரைக்கும் அந்தப் பேச்சு போயாகிவிட்டது.

பயிற்சி தொடங்கிய அன்று எல்லோரும் செம்பைத் தாண்டி மண்ணைத்தான் குத்தினார்கள். தளவாய் அவசரப்படவில்லை. கம்பைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். ஒடிந்தது போலத் தெரிந்தது. அப்படியானால் செம்பும் தெரிகிற இடத்தில் இல்லை என்று கணக்குப் போட்டான். தெரிகிற இடத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், தன்னை நோக்கித் தள்ளிக் குத்தினான். செம்பு ணங்கென்றது. அன்றைக்கு அவன் கால் தரையில் இல்லை.

அவனோடு சிலம்பம் பழகியவர்களில் பேராச்சி என்று ஒருத்தி. சந்தையில் கருவாடு விற்கிறவள். அவளுக்குக் கணக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. குத்துவாள், தவறுவாள், சிரிப்பாள், மறுபடியும் குத்துவாள்.

கொஞ்ச நாளில் நிலைமை தலைகீழானது. பேராச்சியின் கம்பு செம்பை நெருங்கியது, பிறகு தொட்டது, அப்புறம் தொட்டுக்கொண்டே இருந்தது. தளவாயின் கம்போ செம்புக்கு இந்தப் பக்கம் விழ ஆரம்பித்தது. கணக்கு அதே கணக்குதான், சாணும் அதே சாண்தான். ஆனால் நாளுக்கு நாள் தன் காலடிக்கே வந்துகொண்டிருந்தது குத்து.

தளவாய்க்கு வயிறு எரிந்தது. அவள் சிரிப்பே பிடிக்கவில்லை. ஆசான் இவளுக்கு மட்டும் ஏதோ சூட்சுமம் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று நம்பினான்.

"எப்படிக் குத்துத, பேராச்சி?"

"எனக்கென்ன அண்ணாச்சி தெரியும்? செம்பப் பாக்கேன், குத்துதேன்."

பொய் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் உண்மையைச் சொன்னாள். அதுதான் இன்னும் எரிந்தது.

கொடைக்கு முந்தின நாள் சந்தைக்கே போய் அவள் கடைமுன் உட்கார்ந்தான். பேச்சில் தேன் ஒழுகியது.

"ஒனக்கு ஒரு ரகசியம் சொல்லுதேன். செம்பு தெரியுத எடத்துல இல்ல. ஒரு சாண் இந்தப் பக்கமாத் தள்ளிக் குத்து."

"இத்தன நாளாத் தெரியாமக் கெடந்தேனே அண்ணாச்சி!" என்றாள் அவள். நல்ல கருவாடாகப் பார்த்து ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தாள்.

சரியாகப் போகிற கம்பைத் தள்ளினால் தவறும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

மறுநாள் காலையில் பேராச்சி யோசித்து, நிதானித்து, ஒரு சாண் தள்ளிக் குத்தினாள். தவறியது. தளவாயின் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்து அவன் குத்தினான். அவனுக்கும் தவறியது. மற்றவர்களுக்கும் வாய்க்கவில்லை. முன்கம்பு இல்லாமலே ஊர்வலம் கிளம்பியது. பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் நடந்தாள்.

படியில் தளவாயும் ஆசானும் மட்டும் நின்றார்கள். கலங்கல் அடங்கியதும் தளவாய் பார்த்தான். தண்ணீருக்கடியில், செம்புக்கு இந்தப் பக்கம், மண்ணில் இரண்டு குழிகள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று அவளுடையது, ஒன்று அவனுடையது.

"ஆசானே, அவளக் கெடுத்தது நான்தான். ஒரு சாண் தள்ளிக் குத்தச் சொல்லி நேத்து நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"தெரியும்" என்றார் ஆசான். "போவட்டும், செம்பு அங்கனயே கெடக்கா பாரு. கம்பால ஒரு தட்டுத் தட்டு."

தளவாயின் மனம் பேராச்சியின் பின்னால் போய்க்கொண்டிருந்தது. சாணும் நினைவில்லை, கணக்கும் நினைவில்லை. கம்பைத் தண்ணீருக்குள் இறக்கினான்.

செம்பு ணங்கென்றது.

தளவாய் திகைத்துப்போனான். "ஆசானே... இப்ப நான் தள்ளிக் குத்தலியே!"

"ஆமா."

"அப்ப இத்தன நாளா ஏன் தவறுச்சு?"

ஆசான் செம்பை எடுத்துத் தண்ணீரைக் கவிழ்த்தார்.

"பழகப் பழக ஒன் கை தானாவே சரியாப் போகப் படிச்சிருச்சு. நேத்து நீ அவளுக்குச் சொல்லிக் கொடுத்தியே, அதத்தான் தெனமும் ஒன் கைக்கும் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருந்த."