ஒருவர் மட்டும் பார்க்க வேண்டிய உலகம்

ஒரு வழக்கைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

ஈரோட்டில் ஒரு பாலிடெக்னிக்கின் கணினிக் கூடத்தில் திலகவதி வேலை பார்த்தாள். அது சம்பளத்துக்கு. மனசுக்குப் பிடித்த வேலை வேறொன்று இருந்தது. கட்டைகளை அடுக்கி வீடும் ஊரும் கட்டிக்கொள்ளும் கணினி விளையாட்டு ஒன்று உண்டல்லவா? அதில் ஒருவர் கட்டிய உலகம் முழுவதையும் மேலிருந்து பார்த்த வரைபடமாகக் காட்டும் மென்பொருள் ஒன்றைச் சிலர் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். அதைப் பராமரித்தவர் புதுச்சேரிக்காரர் அற்புதராஜ். ஒவ்வொரு புதிய பதிப்பையும் சோதித்து, "வெளியிடலாம்" என்று சொல்ல வேண்டியவள் திலகவதி.

ஒரு மார்ச்சில் வந்த பதிப்புக்கும் அவள் அப்படிச் சொன்னாள். பல வருஷத்துக்கு முன் கட்டிய பழைய உலகங்களில் ஓட்டிப் பார்க்கவில்லை. அவளிடம் பழைய உலகம் எதுவும் இல்லை; தேடவும் சோம்பலாக இருந்தது.

இரண்டே நாளில் அறந்தாங்கியிலிருந்து வளர்மதி என்ற பெண் எழுதினாள். அவள் கணவன் அழகர் கத்தாரில் இருந்தான். மாமியார் வீட்டில் தனியாக உட்கார்ந்து போன் பேச இடமில்லை. அதனால் இருவரும் விளையாட்டுக்குள் ஒரு வீடு கட்டி, சுவரிலும் தோட்டத்திலும் பலகைகள் நட்டு, அவற்றில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். நான்கு வருஷத்து எழுத்து. வரைபட மென்பொருளை அவளுக்குப் போட்டுக் கொடுத்தவன் கல்லூரியில் படிக்கும் கொழுந்தன். ஆனால் அந்த உலகத்தை அவனுக்கு அவள் திறந்து காட்டியதில்லை. புதிய பதிப்பில் திறந்ததும் பலகைகள் அத்தனையும் வெறுமையாகிவிட்டன. நல்லவேளையாக பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது.

கடிதத்தில் இருந்த எண்ணுக்குத் திலகவதி பேசினாள்.

"அந்த நகலை அனுப்ப முடியுமாம்மா? பார்த்தாதான் கோளாறு எங்கன்னு தெரியும்."

வளர்மதி தயங்கினாள். "அனுப்புறேன் அக்கா. ஆனா நீங்க ஒருத்தர் மட்டும் பாருங்க. அதுல எங்க பேச்சு இருக்கு."

"வேற யார் கைக்கும் போகாது. நான் பொறுப்பு."

கோளாறு உண்மைதான். பார்த்துக் காட்டுவதோடு நிற்க வேண்டிய மென்பொருள், பழைய கோப்புகளை மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. இதை உறுதி செய்ய இரண்டு பலகைகளைப் பார்த்தால் போதும். திலகவதி மூன்றாவதையும் படித்தாள். மதியச் சாப்பாட்டை எடுக்காமலே அறுபத்திரண்டையும் படித்து முடித்தாள். மாமியார் ஒரு விசேஷத்தில் சொன்ன சொல், கலைந்துபோன கரு, அதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் வளர்மதி பொறுத்துக்கொண்டது, அழகர் அதற்கு எழுதிய பதில். படித்து முடித்ததும் அடுத்தவர் பீரோவைக் குடைந்த கை போலத் தன் கை அவளுக்கே அருவருத்தது.

கோளாறை அற்புதராஜிடம் வாயால் விளக்கினாள். அவரிடம் இருந்த உலகங்களில் அது வரவில்லை.

"கோப்பு இல்லாம நான் எங்க போய்த் தேடுறது, திலகா?" என்றார்.

பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களிடம் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. திருத்தம் போனால்தான் நிற்கும். தினமும் நாலு பேர், ஐந்து பேர் என்று எழுத்து பறிபோனதாக எழுதினார்கள். வளர்மதியிடம் அனுமதி கேட்கலாம் என்று திலகவதி இரண்டு முறை போனை எடுத்தாள். 'நீங்க படிச்சீங்களா?' என்று அவள் கேட்டுவிட்டால் என்ன சொல்வது? இரண்டு முறையும் போனைக் கீழே வைத்தாள். நான்காம் நாள் உலகத்தை அற்புதராஜுக்கு அனுப்பினாள். "இது ஒருவருடைய சொந்த விஷயம். உங்களோடு இருக்கட்டும்" என்று ஒரு வரி சேர்த்தாள்.

அவர் அன்று சாயங்காலமே கோளாறைப் பிடித்தார். திருத்தம் வெளியானது, எழுத்து அழிவது நின்றது. திருத்திய கோளாறு மறுபடி தலைகாட்டாமல் இருக்க, அதற்கான சோதனையையும் மாதிரிக் கோப்பையும் பொதுவில் சேர்ப்பது அங்கே வழக்கம். முழு உலகத்தைப் போடக் கூடாது என்று அற்புதராஜ் நினைத்தார். தோட்டத்து மூலை ஒன்றை மட்டும் வெட்டி எடுத்தார். அங்கே தெரிந்தது ஒரே பலகை: "இன்னைக்கு இங்க நல்ல மழை." இதில் என்ன இருக்கிறது என்று சேர்த்துவிட்டார். அந்த மூலைக்குக் கீழே நிலவறை இருந்தது, அதில் பதினொரு பலகைகள் இருந்தன; வெட்டியதில் அவையும் சேர்ந்தே வந்தன. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் நிலவறை தெரியாது.

கொழுந்தன் புதிய பதிப்பை இறக்கினான். கூடவே வந்த மாதிரிக் கோப்பை விளையாட்டில் திறந்து சுற்றி வந்தவன் நிலவறைக்குள் இறங்கினான். அங்கே அண்ணன் பெயர் இருந்தது, அம்மாவைப் பற்றியும் கலைந்த கருவைப் பற்றியும் எழுதியிருந்தது. நின்று அத்தனையையும் படித்தான். அம்மாவைச் சொன்னதை அம்மாவிடம் மறைப்பதா என்று எண்ணி, போய்ச் சொல்லிவிட்டான்.

மாமியார் வளர்மதியோடு பேசுவதை நிறுத்தினார். கரு கலைந்தது உறவு முழுக்கப் பரவியது. மாதிரிக் கோப்பை அற்புதராஜ் அன்றே நீக்கினார். அதற்குள் எத்தனை பேர் எடுத்துப் போனார்களோ, தெரியாது.

வாக்கை மீறி, பலருடைய எழுத்தைக் காப்பாற்றியவள் திலகவதி. தெரியாமல் பொதுவில் வைத்தவர் அற்புதராஜ். தெரிந்தே படித்துச் சொன்னவன் கொழுந்தன். இவர்களில் வளர்மதிக்குப் பெரிய பிழை செய்தவர் யார்?

என் விடை: திலகவதி. கொழுந்தன் செய்தது அற்பத்தனம், அற்புதராஜ் செய்தது அசட்டை. இரண்டுக்கும் வழி திறந்தது அவள் அனுப்பிய கோப்பு. மற்றவர்களைக் காக்க அனுப்பினாள் என்பது மெய்தான். ஆனால் வாக்கு வாங்கியவளைக் கேட்டிருந்தால் வாக்கிலிருந்து விடுதலை கிடைத்திருக்கும், கேட்க நான்கு நாள் இருந்தது. அவளைத் தடுத்தது அவசரம் இல்லை, படித்துவிட்ட வெட்கம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. வளர்மதி போன் செய்து, "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நிலவறையை இடிச்சிட்டு நானே குடுத்திருப்பேனே அக்கா. ஏன் கேக்கல?" என்றபோது, "எல்லாத்தையும் படிச்சிட்டேம்மா, அதான்" என்றாள் திலகவதி. வளர்மதி "சரிக்கா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.