மாவு மில்லில் ஒரு சுவர் டிவி

கருவேலிப்பட்டியில் நாலு பேர் உண்டு. சொன்னால் சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே குறை அதுதான்.

நாலு பேரில் மூத்தவர் மாவு மில் தங்கப்பழம். கதை அவருடையது. மற்ற மூன்று பேரும் உதவிக்கு வந்தவர்கள். எதிரி என்று ஒருத்தன்கூட இல்லாத மனுஷன், பாவம், உதவிக்கு ஆள் இருந்ததால்தான் இந்தப் பாடு பட்டார்.

அவருடைய ஒரே மகள் மாரிச்செல்வி படிப்பில் முதலாவதாக வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டமளிப்பு விழா, துணைவேந்தர் கையால் தங்கப்பதக்கம். ஆனால் கூட வருகிறவர்களுக்கு ஒரே ஒரு பாஸ்தான். அம்மாவா அப்பாவா என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அம்மா சொர்ணத்தின் பேர் வந்தது. சீட்டு எழுதினதும் சொர்ணம்தான். இன்னொரு சீட்டில் யார் பேர் இருந்தது என்று தங்கப்பழம் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷன்.

வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அவருக்கு உள்ளுக்குள் அழுகையாகத்தான் இருந்தது. பதக்கம் பிள்ளை கையில் வந்து விழுகிற அந்த ஒரு நொடியைப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தார். இருபது வருஷமாக மாவுத்தூளையே பார்த்த கண்ணுக்கு அதைத் தவிர வேறு ஆசை இல்லை.

செல்விக்கு அப்பாவின் முகம் தெரியாதா? "விழாவை நேரலையில காட்டுவாங்கப்பா. என் பழைய லேப்டாப்பை மில்லு சுவத்துல டிவியா மாட்டிருங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் அது. கீல் ஒடிந்து, மூடி ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அடிமூடியைத் திறந்து, ஒடிந்த கீலை எடுத்துப் போட்டுவிட்டு, திரையை அப்படியே பின்பக்கமாக மடக்கி உட்கார வைத்தால் பலகை மாதிரி ஆகிவிடும். செய்முறையை வரிசையாகப் பேசி அப்பாவின் போனுக்கு அனுப்பினாள். சுவிட்சைப் போட்டாலே விழா வருகிற மாதிரி ஏற்பாடும் செய்துவிட்டு, அம்மாவோடு பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை காலையில் மில்லை அடைத்துவிட்டு நாலு பேரும் உட்கார்ந்தார்கள். தங்கப்பழத்தின் மச்சினன் சுயம்பு வந்திருந்தான். ஊரில் எந்த மிஷின் ரிப்பேர் ஆனாலும் முதலில் அவன்தான் பக்கத்தில் போய் நிற்பான். போட்டோவுக்குச் சட்டம் போடுகிற பிச்சாண்டியும், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற ராயப்பனும் இருந்தார்கள். ராயப்பன் போனைக் காதில் வைத்து, கேட்டதை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். முப்பது வருஷம் தந்தி வாசித்த வாய்.

"திருகாணியை ஒவ்வொண்ணாக் கழட்டுங்க. எது எந்தக் குழியில இருந்துச்சோ அது மாறிரக் கூடாது, பத்திரம்."

சுயம்பு முதல் திருகாணியைக் கழட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"அத்தான், இதை எங்க வச்சா மாறாது?"

"அது இருந்த குழியிலயே வச்சிட்டா எப்படி மாறும்?" என்றார் தங்கப்பழம்.

நியாயம்தானே. கழட்டினான், அந்தக் குழியிலேயே வைத்து இறுக்கினான், அடுத்ததற்குப் போனான். மொத்தம் பதினோரு திருகாணி. முடிந்ததும் அடிமூடியை இழுத்தால் அசையவில்லை.

"எல்லாத்தையும் கழட்டியாச்சா?" என்று கேட்டார் ராயப்பன்.

"ஒண்ணு விடாமக் கழட்டியாச்சு."

"பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கு."

"அப்போ நம்ம மேல தப்பில்லை" என்று சொல்லிவிட்டார் ராயப்பன். இரண்டாவது தடவையும் கழட்டினார்கள். மூன்றாவது சுற்றில் மரை தேய்ந்துபோய், இவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அடிமூடி தானாகக் கழன்று விழுந்தது. நிதானமாகச் செய்தால் நடக்காத காரியம் இல்லை என்று நாலு பேரும் பேசிக்கொண்டார்கள்.

ராயப்பன் அடுத்ததைச் சொன்னார்: "நம்ம உடம்புல இருக்கிற கரண்டு உள்ள இருக்கிற சாமானுக்கு ஆகாது. மண்ணுல ஊன்றின இரும்பு எதையாவது தொட்டுக்கிட்டுத்தான் உள்ள கை வைக்கணும். லேப்டாப்பைத் தண்ணி பக்கம் கொண்டுபோகக் கூடாது."

அந்தத் தெருவில் மண்ணில் ஊன்றின இரும்பு என்றால் அடிபம்பு ஒன்றுதான். அது மில் வாசலிலிருந்து இருபதடி தள்ளி இருந்தது. லேப்டாப்பை அங்கே கொண்டுபோக முடியாது, பம்பை இங்கே கொண்டுவர முடியாது. பம்பைப் பிடுங்கிக்கொண்டு வரலாமா என்று சுயம்பு கேட்டான். பிடுங்கினால் அது மண்ணில் ஊன்றினதாக இருக்காதே என்று பிச்சாண்டி மடக்கினான். கடைசியில் நாலு பேரும் கைகோத்து நின்றார்கள். ஒரு முனையில் ராயப்பன் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, மறு முனையில் சுயம்பு திருப்புளியோடு வாசல்படியில் குனிந்து வேலை பார்த்தான். அளந்து வைத்த மாதிரி சரியாக எட்டியது.

அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சித்தாய் குடத்தோடு வந்து சேர்ந்தாள்.

"அண்ணாச்சி, கையை எடுங்க. தண்ணி அடிக்கணும்."

"எடுக்க முடியாது தாயி. மேல பிடிச்சு அடிச்சுக்கோ."

அவள் அடித்தாள். கைப்பிடி ஏறி இறங்க ராயப்பன் ஏறி இறங்கினார், அவரைப் பிடித்திருந்த பிச்சாண்டி ஏறி இறங்கினான், அப்படியே தங்கப்பழம், அப்புறம் சுயம்பு. திருப்புளியும் லேப்டாப்புக்குள் ஏறி இறங்கியது. மூன்று குடம் நிறைந்தபோது ஒடிந்த கீல் அதுவாகவே தெறித்து வெளியே வந்துவிட்டது. பேச்சித்தாய்க்கு நன்றி சொன்னார்கள். எதற்கு என்று கேட்காமல் அவள் போய்விட்டாள். புத்திசாலிப் பெண்.

திரையைப் பின்பக்கமாக மடக்கி உட்கார வைத்தார்கள். இனிச் சுவரில் மாட்டச் சட்டம் போடுகிற பொறுப்பு பிச்சாண்டிக்கு. அவன் கடையில் இரண்டே வகைதான் போடுவான்.

"அண்ணாச்சி, இது சாமியா, காலமானவரா?"

"ரெண்டும் இல்லையேடா. ஓடிக்கிட்டு இருக்கிற சாமான்."

"அப்படி ஒரு சட்டம் என்கிட்ட இல்லை. சாமின்னே வச்சுக்கிடுவோம்" என்று தங்கக்கலர் சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, கைப்பழக்கத்தில் நட்ட நடுவில் ஒரு சந்தனப்பொட்டும் வைத்துவிட்டான். வைத்த பொட்டை அழிக்கக்கூடாதாம். தங்கப்பழமும் சரி என்றுவிட்டார்.

ஞாயிறு காலையில் சுவரில் மாட்டி, வயரை வெளியே எடுத்து, மவுஸை ஸ்டூலில் வைத்து, சுவிட்சைப் போட்டால், என்ன சொல்வது, படம் வந்தேவிட்டது. இதைச் சொல்கிற எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் வந்தது. தங்கப்பழம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடையில் யார் நடுவில் வந்து நின்றாலும் நெற்றியில் சந்தனம் இருந்தது. படிச்சவங்களுக்குத்தான் பக்தி அதிகம் என்றார் ராயப்பன்.

ஒவ்வொரு பிள்ளையாக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது செல்வி போனில் வந்தாள். கூட்டத்து இரைச்சலில் அவசரமாகப் பேசினாள்.

"அப்பா, இன்னும் நாலு பேருதான். நான் மேடையில கையை நீட்டுவேன்ல, அப்போ மவுஸை ஒரு தட்டு தட்டுங்க. படம் அப்படியே நின்னுக்கிடும், கண்ணு நிறையப் பாத்துக்கிடலாம். அப்புறம் எதையும் தொட்டுராதீங்க."

"சரி தாயி."

அவள் பேர் சொன்னார்கள். அரக்குப் பட்டுப் பாவாடை தாவணியில், மேலே கறுப்பு அங்கியோடு, செல்வி நடந்து வந்தாள். துணைவேந்தர் பதக்கத்தை நீட்டினார். அவள் கையை நீட்டினாள். தங்கப்பழம் தட்டினார். படம் நின்றது.

"எம் பிள்ளை" என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. கால்மணி நேரம் நாலு பேரும் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். பிச்சாண்டி ஒரு ஊதுபத்தியே கொளுத்திவிட்டான்.

அதற்குப் பிறகுதான் ராயப்பன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"தங்கப்பழம், பதக்கம் இன்னும் கைக்கு வரலையே. ஒரு சாண் பாக்கி இருக்கு."

தங்கப்பழமும் கிட்டப் போய்ப் பார்த்தார். ஆமாம், ஒரு சாண் இருந்தது. அரைமணி நேரம் காத்திருந்தார்கள். அந்த ஒரு சாண் குறையவே இல்லை.

"அவரு குடுக்க மாட்டேங்காரா?" என்றான் பிச்சாண்டி.

"அவரு என்ன பண்ணுவாரு? அத்தான் தட்டினதுல மண்டபமே நின்னுபோச்சு" என்றான் சுயம்பு. "பின்னால பாருங்க, ஒரு ஆளு கொட்டாவி விட வாயைத் திறந்தவரு மூட முடியாம இருக்காரு."

"இன்னொரு தட்டு தட்டிப் பாப்போமா?" என்றான் பிச்சாண்டி.

"தட்டினா அவரு கை முன்னால போகுமா, பின்னால போகுமா?" என்று கேட்டார் ராயப்பன். "பின்னால போயிருச்சுன்னா பதக்கம் போச்சு. யோசிச்சுக்கோ."

"தொடக்கூடாதுன்னு பிள்ளை சொல்லியிருக்கு" என்று மவுஸின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் எடைக்கல்லையும் வைத்தார் தங்கப்பழம். அவர் சாப்பிடவில்லை. பிள்ளை அங்கே நீட்டின கையோடு நிற்கும்போது இவருக்கு எப்படிச் சோறு இறங்கும்? துணைவேந்தர் கண்ணைக்கூட இமைக்காமல் நிற்கிறார், எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று ராயப்பன் உருகினார். வயசானவருக்கு வேர்க்குமே என்று சுயம்பு போய் டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் அடித்தது. செல்விதான்.

"அப்பா, பாத்தீங்களா? நல்லாத் தெரிஞ்சுதா? பதக்கம் வாங்கிட்டேன்ப்பா. அம்மா கழுத்துல போட்டுக்கிட்டு இறக்க மாட்டேங்காங்க. ஓட்டல்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்."

தங்கப்பழம் போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்ற மூன்று பேரையும் பார்த்தார்.

"நான் வருத்தப்படக் கூடாதுன்னு பிள்ளை பொய் சொல்லுது."

பிச்சாண்டி திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான். தங்கப்பழம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"தாயி, அப்பாகிட்ட எதையும் மறைக்காத. நான் இங்க பாத்துக்கிட்டேதான் இருக்கேன். இன்னும் ஒரு சாண்தான். நீ நீட்டின கையை மட்டும் மடக்கிராத. அவருக்கு நாங்க ஃபேன் போட்டிருக்கோம்."