சுருக்குப் பைக்குள்ள யானை

ஒரு ஊர்ல ஒரு மரம்கூட கிடையாது. 'மரம்'னு எழுத்து மட்டும் நிக்கும். அது கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள்ள இருக்கிற ஊரு, படமே இல்லாத ஆட்டம். அங்க யாரு என்ன சொன்னாலும் வானத்துல பதில் எழுத்தா வரும். ம் சொல்லுடி.

"ம்."

அந்த ஊர்ல வஞ்சின்னு ஒருத்தி. அவளோட ஆட்டுக்குட்டியை ஒரு பூதம் தூக்கிட்டுப் போய், "சாயங்காலம் குழம்பு!"ன்னு குகையில கட்டிப் போட்டுடுச்சு. வஞ்சிக்கு அழுகையா வந்துச்சு. பூதம் எவ்ளோ பெருசுன்னு கேட்டா, வானம், 'ஒரு பூதம். கோபமா இருக்கு'ன்னுதான் சொல்லுது. இது ஒரு பதிலா?

அப்புறம், பூதத்தைக் குத்த ஒரு ஊசியை எடுத்து, "சுருக்குப் பையில போடு"ன்னா.

'போகாது. ஊசி ரொம்பப் பெருசு.'

"ம்."

அப்போ வந்துச்சு பாரு கோபம்! வழியில நின்ன யானையைக் காட்டி, "அப்போ இதைப் போடு!"ன்னு கத்தினா.

லபக்!

'போட்டாச்சு.'

பை கனக்கவே இல்ல. உள்ளேர்ந்து 'ப்ர்ர்ர்'னு சத்தம் மட்டும். வஞ்சிக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த ஊரை எழுதினவன் ஒரு அவசரக்குடுக்கை. ஊசிக்கு அளவு போடும்போது ரெண்டு சைபர் கூடப் போட்டுட்டான், யானைக்கு அளவே போடல. அளவு எழுதாதது எங்க வேணா நுழையும்!

அப்புறம் குடுகுடுன்னு குகைக்கு ஓடினா. பூதம், "ஹோ! நான் எவ்ளோ பெருசு தெரியுமா?"ன்னுது.

இதுக்கு மட்டும் அளவு எழுதியிருந்தா வஞ்சி கதை கந்தல். இருந்தாலும் கேட்டா. "எவ்ளோண்ணே?"

பூதம் கையை விரிச்சுப் பாத்துச்சு. அப்புறம் சுருக்கிப் பாத்துச்சு. தலையைச் சொறிஞ்சுது. "அது... என்கிட்ட யாரும் சொல்லலையேம்மா."

"பூதத்தைப் பையில போடு!"

லபக்!

உள்ள ஒரே சண்டை. "யோவ் யானை, தள்ளி உக்காரு!" "ப்ர்ர்ர்!" வஞ்சி சுருக்கை இறுக்கிக் கட்டிட்டு, குட்டியோட கயித்தை அவுத்துவிட்டா. ஆட்டுக்குட்டி 'ம்ம்மே'ன்னு தாவி வந்து அவ மூஞ்சியெல்லாம் நக்குச்சு. அப்படியே கட்டிக்கிட்டா.

"அத்தை... ஊசி?"

அது இன்னும் நடுத்தெருவுல, மலை மாதிரி நிக்குது. நீ கண்ணை மூடு.

"தூக்கம் வரல."

தூக்கம் எவ்ளோ பெருசு, சொல்லு?

"...தெரியலையே."

யாரும் எழுதல, அதான். இத்துனூண்டு கண்ணுக்குள்ளயும் போயிடும். தூக்கத்தைக் கண்ணுக்குள்ள போடு.

லபக்.

போட்டாச்சு.